பீப்பாயில் தொடங்கிய வைத்தியம்

பனைமரத்திலிருந்து இறங்கும் சாறு ஒன்றுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாமல் விட்டால் கள். இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஏரிக்கரைப் பனைகளில் ஏறியவர்களுக்கும் இது தெரியும். தென்பாண்டிச் சீமைப் பனையேறிகளுக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 1987-ம் வருஷம் முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் இப்போது பதநீருக்கு மட்டுமே இடம். ஆனால் சுண்ணாம்பு ஏன் சாற்றைக் காப்பாற்றுகிறது, சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் நுரையைக் கிளப்புவது எது என்ற கேள்விக்கு, 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகத்தில் யாரிடமும் சரியான விடை கிடையாது.

அந்த விடையைத் தேடி, சாராய ஆலைத் தொட்டிகளிலும், திராட்சை மதுப் பீப்பாய்களிலும், கடைசியில் லண்டன் நகரத்தின் மிகப் பெரிய பீர் ஆலைகளில் ஒன்றிலும் குனிந்து பார்த்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்றே நம் நாட்டில் அவரைப் பலர் அறிவார்கள். அவர் வைத்தியரே அல்ல என்பதும், மனிதரின் நோய்க்கு அவர் வந்து சேர்ந்த வழியில் பீரின் நோய் ஒரு முக்கியமான படியாக இருந்தது என்பதும் அவ்வளவாகத் தெரியாத சங்கதிகள்.

தோல் பதனிடுபவரின் மகன்

பிரான்ஸ் தேசத்தின் கிழக்கே ஜூரா மலைப் பிரதேசத்தில் தோல் என்று ஓர் ஊர். அங்கே 1822-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி லூயி பாஸ்டர் பிறந்தார். தகப்பனார் ஜான் ஜோசப், நெப்போலியனின் படையில் சார்ஜெண்டாக இருந்து பதக்கம் பெற்றவர். படை கலைந்த பிறகு தோல் பதனிட்டுப் பிழைத்தார். குடும்பம் சில வருஷங்களில் ஆர்புவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். வீட்டுக்குள் தோல் ஊறும் தொட்டிகள். பக்கத்திலேயே ஓடும் சிற்றாறு. இப்படி வளர்ந்தான் சிறுவன்.

பள்ளியில் அவன் மேதாவி என்று பெயர் வாங்கவில்லை. வண்ணக் கட்டிகளைக் கொண்டு மனிதர்களின் முகத்தை அப்படியே வரைவதில்தான் கெட்டிக்காரனாக இருந்தான். எட்டு வயதில் அவன் மனத்தில் பதிந்த ஒரு காட்சி உண்டு. 1831-ம் வருஷம் அந்த மலைப் பிரதேசத்தில் வெறி பிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுவந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தில் சூடு போட்டார்கள். அதைத் தவிர வேறு வைத்தியம் அப்போது இல்லை. அந்த அலறல் பாஸ்டரின் காதில் வாழ்நாள் முழுவதும் ஒலித்தது என்று சொல்ல வேண்டும்.

பாரிஸ் நகரில் ஆசிரியர்களைத் தயாரிக்கும் பெரிய கல்லூரியின் தேர்வை அவர் 1842-ம் வருஷம் எழுதினார். தேறினார், ஆனால் பதினைந்தாவது இடம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு மறு வருஷம் மீண்டும் எழுதி நாலாவதாகத் தேறிச் சேர்ந்தார். எதையும் அரைகுறையாக ஏற்காத இந்தப் பிடிவாதமே பிற்காலத்தில் அவருக்குப் பெருமையும் தேடித் தந்தது. பகைவர்களையும் தேடித் தந்தது.

மதுப் பீப்பாய்களின் அடியில் படியும் உப்புகளை ஆராய்ந்து, ஒரே பொருளின் படிகங்கள் வலக்கை, இடக்கை போல இரு வடிவில் இருக்கக்கூடும் என்று 1848-ம் வருஷம் அவர் கண்டுபிடித்தபோது வயது 25. மறு வருஷம் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ரசாயனப் பேராசிரியரானார். அந்நகர்ப் பல்கலைக்கழகத் தலைவரின் மகள் மேரி லோரானை மணந்தார். கணவர் சொல்லச் சொல்லக் குறிப்பெழுதி, சோதனைகளைத் தொடர்ந்து கவனித்து, கடைசி வரை அவருடைய ஆராய்ச்சியில் பாதியாகவே அந்த அம்மாள் இருந்தார்.

ஆலைத் தொட்டியில் கண்ட காட்சி

1854-ம் வருஷம் வட பிரான்ஸிலுள்ள லீல் நகரின் விஞ்ஞானக் கல்லூரிக்கு அவர் தலைவரானார். லீல் ஒரு தொழில் நகரம். அங்கே பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சும் ஆலைகள் பல இருந்தன. 1856-ம் வருஷம் பிகோ என்ற ஆலை முதலாளி ஒரு சங்கடத்தோடு அவரிடம் வந்தார். அவருடைய மகன் பாஸ்டரின் மாணவன். ஆலையில் சில தொட்டிகளில் சாராயம் ஊறாமல் எல்லாம் புளித்துக் கெட்டுப்போகிறது, நஷ்டம் தாங்கவில்லை, காரணம் தெரியவில்லை.

பேராசிரியர் ஆலைக்குப் போனார். நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் சாறு எடுத்துவந்து பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியின் சாற்றில் உருண்டை உருண்டையான ஈஸ்ட் அணுக்கள் மொட்டுவிட்டுப் பெருகிக்கொண்டிருந்தன. கெட்ட தொட்டியின் சாற்றிலோ, அவற்றைவிட மிகச் சிறிய குச்சி போன்ற உருவங்கள் நெளிந்துகொண்டிருந்தன. அந்தச் சாற்றில் சாராயத்துக்குப் பதிலாக, புளித்த பாலில் உள்ள அமிலம் உண்டாகியிருந்தது.

ஊறுதல் என்பது பொருள் அழுகிச் சிதையும் ரசாயன நிகழ்ச்சியே, அதில் உயிருக்கு வேலையில்லை என்பது அக்காலப் பெரிய விஞ்ஞானிகளின் கருத்து. ஜெர்மனியின் புகழ்பெற்ற ரசாயன நிபுணர் லீபிக் இந்தக் கட்சிக்குத் தலைவர். பாஸ்டர் நேர் எதிராகச் சொன்னார். சர்க்கரையைச் சாராயமாக்குவது ஓர் உயிர். பாலைப் புளிக்க வைப்பது வேறோர் உயிர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதற்கென ஒரு நுண்ணுயிர் உண்டு. நம் வீட்டில் தோசைமாவு பொங்குவதும், பால் தயிராவதும், பனஞ்சாறு கள்ளாவதும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகின்றன. கலயத்துச் சுண்ணாம்பு, உள்ளே வரும் நுண்ணுயிர்களைத் தலையெடுக்க விடாமல் செய்கிறது. அதன் ரகசியம் அவ்வளவுதான்.

இந்த விவாதத்தில் லீபிக் முழுதும் தோற்றார் என்றும் சொல்வதற்கில்லை. பாஸ்டர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1897-ம் வருஷம், எட்வர்ட் புக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்டை நசுக்கிப் பிழிந்த உயிரில்லாத சாறும் சர்க்கரையைச் சாராயமாக்கும் என்று காட்டினார். வேலையைச் செய்வது உயிருக்குள் இருக்கும் ரசாயனப் பொருள். அந்தப் பொருளை உண்டாக்குவது உயிர். இரு கட்சியிலும் உண்மை இருந்தது.

காற்றில் வரும் எதிரி

இந்த நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருகின்றன? குழம்பிலும் சாற்றிலும் தாமாகவே பிறக்கின்றன என்று பலர் நம்பினார்கள். பாஸ்டர் வாத்தின் கழுத்தைப் போல வளைந்த குழாயுள்ள கண்ணாடிக் குடுவைகளைச் செய்தார். அவற்றில் சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டார். காற்று உள்ளே போகும். ஆனால் தூசி வளைவில் தங்கிவிடும். மாதக்கணக்கில் சாறு கெடவில்லை. கழுத்தை ஒடித்ததும் சில நாட்களில் கெட்டுப்போயிற்று. கிருமி கிருமியிலிருந்துதான் பிறக்கிறது, தூசியோடு பயணம் செய்கிறது என்பது ருசுவாயிற்று. 1864-ம் வருஷம் ஏப்ரல் மாதம் பாரிஸ் ஸார்போன் மண்டபத்தில் பிரமுகர்கள் நிறைந்த சபையில் இதை அவர் விளக்கிக் காட்டினார்.

அதே சமயத்தில் பிரான்ஸின் திராட்சை மது வியாபாரத்துக்கு ஆபத்து வந்திருந்தது. ஏற்றுமதியாகும் மது வழியிலேயே புளித்தும் கசந்தும் போயிற்று. சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளின்படி பாஸ்டர் சொந்த ஊரான ஆர்புவாவுக்குப் போய் ஆராய்ந்தார். மதுவைக் கொதிக்கவைக்க வேண்டாம், 50 முதல் 60 டிகிரி சென்டிகிரேட் வரை மூடிய நிலையில் சூடாக்கினால் போதும், கெடுக்கும் கிருமிகள் அழியும், சுவையும் போகாது என்று கண்டார். 1865-ம் வருஷம் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை வைத்துப் பணம் பண்ணாமல், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ள விட்டுவிட்டார். பாஸ்டரைசேஷன் என்று அவர் பெயராலேயே வழங்கும் முறை இதுதான்.

அடுத்தடுத்து விழுந்த இடி

வெளியே புகழ் வளர்ந்த அதே வருஷங்களில் வீட்டில் சாவு மேல் சாவு நேர்ந்தது. மூத்த மகள் ழான் ஒன்பது வயதில், 1859-ம் வருஷம், டைபாய்டு ஜுரத்தில் இறந்தாள். 1865-ம் வருஷம் தகப்பனார் காலமானார். அதே வருஷம் இரண்டு வயதுக் குழந்தை காமில் மறைந்தாள். மறு வருஷம் 12 வயது மகள் ஸெஸில், மீண்டும் டைபாய்டு. ஐந்து குழந்தைகளில் மிஞ்சியவர்கள் ஒரு மகனும் ஒரு மகளுமே. 1865-ம் வருஷம் முதல் பட்டுப்புழுக்களை வாட்டிய நோயைத் தென் பிரான்ஸில் ஆராய்ந்துவந்த அவர், இந்தத் துக்கங்களுக்கு நடுவிலும் திரும்பவும் வேலைக்குப் போனார்.

1868-ம் வருஷம் அக்டோபர் 19-ந் தேதி பக்கவாதம் தாக்கியது. வயது 45. உயிர் பிழைத்தார், ஆனால் இடது கை விறைத்துப்போய், இடது காலை இழுத்து இழுத்து நடப்பதே வாழ்நாள் வழக்கமாயிற்று. சாற்றைக் கெடுக்கும் கிருமியைக் கண்ணால் கண்டவருக்கு, தம் பெண்களைக் கொன்றதும் அப்படி ஓர் உயிராகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றாமல் இருக்க முடியாது. ஆனால் அதை நிரூபிக்க அவரிடம் அப்போது வழியில்லை.

மகனைத் தேடிய தகப்பன்

1870-ம் வருஷம் பிரான்ஸுக்கும் ஜெர்மானியருக்கும் யுத்தம் மூண்டது. பாரிஸ் முற்றுகைக்குள்ளாயிற்று. பாஸ்டர் குடும்பத்தோடு ஆர்புவாவில் தங்கினார். ஒரே மகன் ஜான் பாட்டிஸ்ட் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் முன்பு தமக்கு அளித்திருந்த கௌரவ டாக்டர் பட்டத்தைப் பாஸ்டர் கோபத்தோடு திருப்பி அனுப்பினார்.

1871-ம் வருஷம் ஜனவரியில், மகன் இருந்த படை தோற்றுச் சிதறிப் பின்வாங்குவதாகச் செய்தி வந்தது. கடும் பனிக்காலம். ஊனமுற்ற காலோடு, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, ஒரு பழைய குதிரை வண்டியில் பாஸ்டர் மகனைத் தேடிப் புறப்பட்டார். வழியெல்லாம் பசியாலும் குளிராலும் துவண்ட சிப்பாய்கள். விசாரித்து விசாரித்துப் பொன்தார்லியே என்ற ஊரை அடைந்தபோது, நோயுற்றவர்களை ஏற்றிவந்த ஒரு வண்டியில் மகன் கிடைத்தான். தகப்பனும் மகனும் வாய்பேச முடியாமல் கட்டிக்கொண்டார்கள்.

இந்த வேதனையோடுதான் பாஸ்டரின் பீர் ஆராய்ச்சி தொடங்குகிறது. பீர் விஷயத்தில் ஜெர்மனி அன்று முதல் நாடு. பிரெஞ்சு பீர் அதற்கு ஈடாகாது. யுத்தத்தில் தோற்ற தம் நாடு இந்தத் தொழிலிலாவது ஜெர்மனியை மிஞ்ச வேண்டும் என்று அவர் சங்கற்பம் செய்துகொண்டார். இதில் வேடிக்கை, அவருக்குப் பீர் பிடிக்காது. ஒரு பீருக்கும் இன்னொரு பீருக்கும் ருசி வித்தியாசம் சொல்லவும் தெரியாது. பாரிஸ் கல்லூரியில் உடனிருந்த பெர்த்தான் என்ற நண்பர் நல்ல ரசிகர். அவர் குடித்துப் பார்த்து ருசி சொல்வார். பாஸ்டர் பூதக்கண்ணாடியில் பார்த்துக் காரணம் சொல்வார்.

பீர் செய்வது எப்படி?

பார்லி தானியத்தை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து, உடைத்து, வெந்நீரில் கலக்கினால் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாகி இனிப்பான சாறு கிடைக்கும். நம் ஊரில் கேழ்வரகை முளைகட்டினால் இனிப்பது போலத்தான். அதில் ஹாப்ஸ் என்ற கொடியின் கசப்பான பூவைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். கொதித்த சாற்றை ஆறவைத்து, அதில் ஈஸ்ட் சேர்த்தால், சில நாட்களில் சர்க்கரை சாராயச் சத்தாகவும் நுரையாகவும் மாறிப் பீர் ஆகிவிடும்.

கொதிக்கும்போது கிருமிகள் சாகின்றன, அதுவரை ஆபத்தில்லை. ஆறவைக்கும்போதுதான் ஆபத்து. அக்கால ஆலைகளில் அகலமான ஆழமற்ற தொட்டிகளில் சாற்றைத் திறந்து வைத்து ஆறவிடுவார்கள். காற்றிலுள்ள தூசி எல்லாம் அதில் விழும். சேர்க்கிற ஈஸ்டோ போன தொட்டியில் மிஞ்சியது. அதிலே வேறு கிருமி கலந்திருந்தால் நோய் ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்குத் தொற்றிக்கொண்டே போகும். ஜெர்மானியர் மிகக் குளிர்ந்த நிலவறைகளில், ஏராளமான பனிக்கட்டி செலவழித்து, மெதுவாகப் பீரை ஊறவைத்தார்கள். குளிரில் கெடுக்கும் கிருமிகள் பெருகுவது குறைவு. பனிக்கட்டி இல்லாமலே அந்தப் பலனைப் பெற முடியுமா என்பது பாஸ்டரின் கேள்வி.

லண்டன் ஆலையில்

பிரான்ஸில் கிளர்மோன் நகருக்கருகே ஒரு சிறிய பீர் ஆலையில் ஆராய்ச்சியை ஆரம்பித்த பாஸ்டர், பெரிய அளவில் வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க விரும்பி, 1871-ம் வருஷம் செப்டம்பர் மாதம் லண்டனுக்குப் போனார். சிஸ்வெல் தெருவிலிருந்த விட்பிரெட் ஆலை அவரை வரவேற்றது. 1742-ம் வருஷம் ஆரம்பித்த நிறுவனம் அது. நூறு வருஷங்களுக்கு மேல் பேரும் பெருமையுமாக நடந்துவந்தது. பீப்பாய்களும் ராட்சதத் தொட்டிகளும் நிறைந்த அந்த ஆலைக்குள், காலை இழுத்து நடக்கும் 48 வயது பிரெஞ்சுக்காரர் ஒருவர் நுழைந்து, பீரைக் கேட்காமல் பீரின் மண்டியைக் கேட்டார்.

போர்ட்டர் என்ற கறுப்புப் பீர் ஊறும் தொட்டியிலிருந்து ஈஸ்ட் கொண்டுவந்து கொடுத்தார்கள். பூதக்கண்ணாடியில் ஒரு துளியை வைத்துப் பார்த்த மாத்திரத்தில், இந்த ஈஸ்டில் நோய்க் கிருமிகள் கலந்திருக்கின்றன, இதில் உண்டாகும் போர்ட்டர் திருப்தியாக இருக்காது என்று அவர் சொல்லிவிட்டார். ஆலை நிர்வாகிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பீர் சரியில்லை என்று அவர்களுக்கே தெரியும். அன்று காலையில்தான் லண்டனில் வேறோர் ஆலையிலிருந்து புது ஈஸ்ட் வரவழைத்திருந்தார்கள். இதை வந்தவரிடம் யாரும் சொல்லவில்லை. புது ஈஸ்டையும் அவர் பார்த்தார். அது எவ்வளவோ சுத்தமாக இருந்தது.

பிறகு ஒவ்வொரு வகைப் பீரின் ஈஸ்டையும், தெளிந்த பீரையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். எதில் நீண்ட இழை போன்ற கிருமிகள் இருக்கின்றன, எதில் இல்லை என்று வரிசையாகச் சொன்னார். நாக்கால் ருசி பார்த்துப் பழகிய அனுபவசாலிகளுக்கு, ருசியே பார்க்காமல் ஒருவர் குறை சொல்வது ஆச்சரியமாக இருந்தது. அவர்கள் முதலில் தயங்கினாலும், கெட்டுப்போய்க் கழிக்க வேண்டியிருந்த பீரைப் பற்றிய உண்மையை ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு வாரத்துக்குள் பாஸ்டர் மறுபடி அந்த ஆலைக்குப் போனபோது, அங்கே புதிதாக ஒரு மைக்ராஸ்கோப் வந்து உட்கார்ந்திருந்தது. முதல் தடவை அவர் பார்த்த ஈஸ்டுகள் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. படித்த பண்டிதர்கள் வருஷக்கணக்கில் ஒப்புக்கொள்ளத் தயங்கிய விஷயத்தை, லாப நஷ்டம் தெரிந்த ஆலைக்காரர்கள் ஏழு நாளில் ஒப்புக்கொண்டார்கள்.

பிரான்ஸுக்குத் திரும்பிய அவர், சாற்றை மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, சுத்தமான காற்றை மட்டும் உள்ளே விட்டு, சுத்தமான ஈஸ்டால் ஊறவைக்கும் முறையை வகுத்தார். நான்ஸி நகருக்கருகே தான்தொன்வில் என்ற ஊரின் பெரிய ஆலையில் அதைச் சோதித்தார். 1876-ம் வருஷம் பீரைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. 1879-ம் வருஷம் ஆங்கிலத்திலும் வந்தது.

பகைவருக்கும் பலன்

பகைமையில் தொடங்கிய வேலை எங்கே போய் முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். டென்மார்க்கில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் அதிபர் யாகப்சன், பாஸ்டரின் வழியைப் பின்பற்றி 1875-ம் வருஷம் ஓர் ஆராய்ச்சிசாலையை நிறுவினார். அங்கே பணியாற்றிய எமில் ஹான்சன், பீரைக் கெடுப்பவை குச்சிக் கிருமிகள் மட்டுமல்ல, நல்ல ஈஸ்டோடு கலந்துவிடும் காட்டு ஈஸ்டுகளும்தான் என்று கண்டு பாஸ்டரின் முடிவைத் திருத்தினார். 1883-ம் வருஷம் ஒரே அணுவிலிருந்து சுத்தமான ஈஸ்டை வளர்த்து ஆலைக்குக் கொடுத்தார். யாகப்சன் அந்த ஈஸ்டைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார். ஜெர்மானிய ஆலைகளும் அதனால் பயனடைந்தன. ஜெர்மனியை முந்த வேண்டும் என்று பிறந்த விஞ்ஞானம் ஜெர்மனிக்கும் சொத்தாகிவிட்டது.

ஆலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

பீருக்கு நோய் வெளியிலிருந்து வருகிறதென்றால் மனிதனுக்கும் அப்படித்தானே? இந்தக் கேள்வியைப் பாஸ்டர் தம் பீர் நூலிலேயே தொட்டிருந்தார். அவருடைய பழைய கட்டுரைகளைப் படித்துத்தான் ஸ்காட்லாந்தில் லிஸ்டர் என்ற சர்ஜன் 1865-ம் வருஷம் முதல் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைச் சுத்தப்படுத்தி, ஆபரேஷனுக்குப் பின் அழுகிச் சாகும் நோயாளிகளைப் பிழைக்கவைத்தார். 1874-ம் வருஷம் பாஸ்டருக்கு அவர் எழுதிய கடிதத்தில் அந்தக் கடனை மனமாரக் குறிப்பிட்டார்.

1881-ம் வருஷம் பூயி-லெ-ஃபோர் என்ற கிராமத்தில் ஆந்த்ராக்ஸ் என்னும் ஆட்டு நோய்க்கு எதிரான தடுப்பூசியைப் பாஸ்டர் ஊரறியச் சோதித்துக் காட்டினார். ஊசி போட்ட ஆடுகள் பிழைத்தன, போடாதவை மடிந்தன. அங்கே பயன்படுத்திய மருந்தைத் தயாரித்த விதத்தை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பது, அவருடைய குறிப்பேடுகளைப் பிற்கால அறிஞர்கள் பரிசோதித்தபோது தெரியவந்தது. புகழில் ஆசையும் போட்டியில் வேகமும் அவரிடம் இருந்தன. உதவியாளர்களுக்குச் சேர வேண்டிய பங்கு எப்போதும் சேர்ந்ததில்லை. மகானாகச் சித்திரிக்கப்பட்டவர் மனிதராகவும் இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1885-ம் வருஷம் ஜூலை 6-ந் தேதி, வெறிநாய் 14 இடங்களில் கடித்த ஜோசப் மேஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாயார் பாரிஸுக்கு அழைத்துவந்தாள். பாஸ்டரின் மருந்து அதுவரை முக்கியமாக நாய்களிடமே சோதிக்கப்பட்டிருந்தது. ஊசி போட்டால் அதனாலேயே பையன் சாகலாம். போடாவிட்டால் நோயால் சாகலாம். பாஸ்டர் டாக்டர் இல்லையாதலால் கிராஞ்சே என்ற வைத்தியர் ஊசி போட்டார். பத்து நாட்களில் 13 ஊசி. ஒவ்வொன்றும் முன்னதைவிட வீரியமானது. அந்த இரவுகளில் பாஸ்டருக்குத் தூக்கம் இல்லை. பையன் பிழைத்தான்.

அந்தச் சிறுவன் அல்ஸாஸ் பிரதேசத்தவன். யுத்தத்தில் பிரான்ஸ் இழந்து ஜெர்மனியின் கைக்குப் போய்விட்ட மண் அது. பீர் விஷயத்தில் பழிவாங்கப் புறப்பட்ட மனிதரின் வைத்தியம், முதலில் காப்பாற்றியது எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு குழந்தையை. ஜோசப் மேஸ்டர் வளர்ந்து பெரியவனாகி, பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலேயே காவலராக இருந்து 1940-ம் வருஷம் காலமானார்.

அடுத்த வருஷம் மார்ச் மாதத்துக்குள் 350 பேருக்குச் சிகிச்சை நடந்தது. ஒரு சிறுமியைத் தவிர மற்றவர்கள் பிழைத்தார்கள். கடிபட்டு ஒரு மாதத்துக்கு மேலான பிறகே அவள் வந்தாள். பல நாட்டு மக்களும் அனுப்பிய நன்கொடையில் 1888-ம் வருஷம் பாரிஸில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1895-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி அவர் காலமானார். அந்த நிலையத்தின் நிலவறையிலேயே அவர் உடல் அடக்கமாகியிருக்கிறது.

நீலகிரியில் ஒரு கிளை

பாரிஸ் நிலையத்தில் பயின்ற ஹாஃப்கின் என்பவர் 1893-ம் வருஷம் இந்தியாவுக்கு வந்து காலராத் தடுப்பூசி போட்டார். பிறகு பம்பாயில் பிளேக் தடுப்பூசியையும் தயாரித்தார். 1900-ம் வருஷம் இமயமலைச் சாரலில் காசௌலியில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக எட்வர்ட் டயர் என்பவர் 19-ம் நூற்றாண்டின் நடுவில் பீர் ஆலை வைத்த அதே மலை ஊர் அது. குளிர் வேண்டி ஆலையும் அங்கே போயிற்று. மருந்து நிலையமும் அங்கே போயிற்று. தெற்கே நீலகிரியிலும் அப்படியே. அங்கேயும் பழைய பீர் ஆலைகள் இருந்தன. 1907-ம் வருஷம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. அதுவரை தென்னாட்டில் நாய்க்கடி பட்டவர்கள் ரயிலேறிக் காசௌலிக்குப் போக வேண்டும். போவதற்குள் காலம் கடந்துவிடும். குன்னூர் வந்த பிறகு எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் உயிர் தங்கியது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என்று ஜனங்கள் பயந்த அந்தப் பழைய மருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டு, கையில் போடும் ஊசி வந்துவிட்டது. ஆனால் கடிபட்டவுடன் தாமதிக்காமல் போக வேண்டும் என்ற பாடம் மாறவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலை சென்று சேரும் பெங்களூரில், பீர் வடிக்கும் இடமும் குடிக்கும் கூடமும் ஒன்றாக அமைந்த ஆலைகள் இப்போது பல இருக்கின்றன. இத்தகைய ஆலைகளில் பீரைச் சூடாக்காமல் புதிதாகவே ஊற்றிக் கொடுப்பது வழக்கம். பாஸ்டர் பெயர்கொண்ட சூட்டு முறையை அவர்கள் விட்டாலும், பாஸ்டரை விட முடியாது. மூடிய எஃகுக் கலங்கள், சுத்தமான ஈஸ்ட், கழுவித் துடைத்த குழாய்கள், ஓரத்தில் ஒரு மைக்ராஸ்கோப் இல்லாமல் அந்த வேலை நடக்காது. குடிக்காதவர்களுக்கும் அவருடைய உபகாரம் உண்டு. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் காலை ஷிப்டுக்கு வருகிறவர்களின் காபிக்குப் போகும் பாக்கெட் பால், அவர் பெயர் தாங்கிய முறையில் சூடாக்கப்பட்டதுதான்.

கோபத்தில் தொடங்கிய காரியங்கள் பெரும்பாலும் கோபத்திலேயே அழியும். லூயி பாஸ்டரின் கோபம் அவரை ஓர் ஆலை வாசலுக்குத்தான் கொண்டுபோய் விட்டது. உள்ளே போனதும் அவர் பார்த்தது பகைவனை அல்ல. ஒரு துளி மண்டிக்குள் நெளிந்த கிருமியை. அந்தக் கிருமிக்குத் தேசம் இல்லை. ஆகையால் அதை எதிர்த்து அவர் கண்ட மருந்துக்கும் தேசம் இல்லாமல் போயிற்று.